யானைக்கு இடுப்பு இருபத்திரண்டு

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, அத்தை ஒரு போனுக்கு இஸ்திரி போட்டுவிட்டார்.

குற்றம் முழுவதும் அத்தை மேல்தான் என்று சொன்னால் அது அநியாயம். தைத்து முடித்த கால்சட்டையின் பைக்குள் தன் போனைப் போட்டு ஆழம் பார்ப்பது மருமகளின் பழக்கம். போன் முழுதாக உள்ளே போய், மேலே இரண்டு விரல் இடம் மிஞ்சினால் பை சரி. அன்றும் அப்படித்தான் போட்டுப் பார்த்தாள். அதற்குள் வாசலில் அளவு கொடுக்க ஆள் வந்துவிட, டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எழுந்து போனாள். கால்சட்டை மற்ற துணிகளோடு சேர்ந்து இஸ்திரி மேசைக்குப் போயிற்று. அத்தை எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. தண்ணீர் தெளித்தார். கனமான பெட்டியைத் தூக்கி வைத்தார். உடம்பின் பாரம் முழுவதையும் கையில் இறக்கி அழுத்தினார்.

"ஏம்மா, பைக்குள்ள செங்கல் வச்சா தச்சிருக்க?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு தடவை அழுத்தினார்.

பொசுங்கல் வாடை வந்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. வெளியே எடுத்தபோது போன் பூரித்துப் போய், நடுவில் குமிழ்விட்டிருந்தது. கண்ணாடி சிலந்தி வலை போல விரிசல் விட்டிருந்தது.

அத்தை தலையில் கைவைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "அடக் கடவுளே! இதுக்குள்ளதானே என் பிள்ளையோட மூணு வருஷக் காசும் இருக்கு?"

"காத்துப் பணம்னு சொல்வீங்களே அத்தை, காத்துக்கு எங்க சூடு ஏறும்?" மருமகள் சிரித்தாள். "பணம் போன்ல இல்லை. பன்னிரண்டு வார்த்தையில இருக்கு. அந்தப் பன்னிரண்டும் என்கிட்ட பத்திரமா இருக்கு."

அந்தச் சிரிப்புக்கு அன்று மாலை வரைதான் ஆயுள்.

அவளுக்கு ஊசி என்று பெயர் வைத்தவன் அவள் கணவன். ஆற்றங்கரையில் இருந்த துணி ஆலையில் அவன் வெட்டும் மேசையில் இருந்தான், அவள் மூன்றாவது வரிசைத் தையல் இயந்திரத்தில். அவன் வெட்டிக் கொடுத்த சட்டைக் கை ஒன்று அரை அங்குலம் குறைந்திருந்ததை எல்லார் முன்னாலும் சுட்டிக்காட்டினாள். "வாயா அது, ஊசி!" என்றான். "உங்க கையில இருக்கறது கத்தரியா, இல்லை அரிவாளா?" என்றாள் இவள். அன்றிலிருந்து அவள் ஊசி, அவன் கத்தரி. ஆலை முழுக்க அப்படியே கூப்பிட்டார்கள். கத்தரி வெட்டுவதை ஊசி ஒட்டவைக்கும் என்று ஆலைக்காரர்களே பேசிக் கல்யாணத்தையும் முடித்து வைத்தார்கள்.

கல்யாணமான ஐந்தாவது மாதம் ஆலை மூடப்பட்டது. கத்தரி கடல் கடந்து போய், ஒரு துறைமுகத்தில் சரக்குப் பெட்டி தூக்கும் வேலையில் சேர்ந்தான். ஊசி வீட்டின் முன்னறையில் ஒரு தையல் இயந்திரத்தைப் போட்டுக் கடை திறந்தாள். அத்தை இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தார்.

முதல் வருஷம் அவன் அனுப்பிய பணம் கமிஷன் கடை வழியாக வந்தது. நூறு அனுப்பினால் எட்டைக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். மிச்சத்தை ஊர்ப் பணமாக மாற்றித் தருவதிலும் ஒரு கிள்ளு கிள்ளுவார். வந்து சேர்ந்ததைச் சேர்த்து வைக்கலாமென்றால், ஊர்ப் பணம் வெயிலில் வைத்த ஐஸ்கட்டி மாதிரி. மாதம் பிறக்கும்போது இரண்டு சுருள் துணி வாங்குகிற காசு, மாதம் முடியும்போது ஒன்றரைச் சுருளுக்குத்தான் வரும். வங்கியில் கணக்கு தொடங்கப் போனாள். கணவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றாள். "அப்ப அவர் வந்ததும் வாங்கம்மா" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

அப்போதுதான் கத்தரி அந்த டிஜிட்டல் டாலரைப் பற்றிச் சொன்னான். அவனோடு வேலை செய்கிற பாதிப்பேர் வீட்டுக்கு அப்படித்தான் அனுப்புகிறார்களாம். போனிலிருந்து போனுக்கு நேராகப் போகுமாம், செலவு ஒரு தேநீர்க் காசுகூட ஆகாதாம்.

"பக்கத்துத் தெரு வாடகைக் கார்க்காரர் இப்படித்தான் ஏதோ ஒரு காசு வாங்கி, காரையே வித்தார்" என்றாள் ஊசி.

"அது ஏறி இறங்கற காசு. ராட்டினம். அதுல நான் ஏற மாட்டேன், உன்னையும் ஏத்த மாட்டேன். இது டாலருக்கு டாலர்னு நிக்கிற காசு. ஆனா ஒன்னு, இதுலயும் கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்தையும் போட வேண்டாம். மாசச் செலவுக்கு எடுத்துட்டு மிச்சத்தை விடு."

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீடியோ அழைப்பில் அவனை உட்கார வைத்துக்கொண்டே அவள் கணக்கைத் தொடங்கினாள். வாடிக்கையாளர் போன் ஒன்றை அவனோடு பேசுவதற்காக இரவல் வாங்கியிருந்தாள். தன் போனின் திரையில் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள் வந்து நின்றன. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

"அதுதான் சாவி" என்றான் கத்தரி. "போன் தொலைஞ்சாலும் உடைஞ்சாலும், வேற போன்ல அந்தப் பன்னிரண்டையும் வரிசை மாறாம போட்டா பணம் வந்துடும். வேற யாராவது போட்டாங்கன்னா அவங்களுக்கும் வந்துடும். நான் எழுதி வச்சுக்க மாட்டேன், இந்த அறையில நாங்க பத்து பேர். நீயே வச்சுக்க. யார்கிட்டயும் சொல்லாத. எங்கம்மாகிட்டகூட."

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டி ஒரு கணம் நின்று, பிறகு நகர்ந்தது. ஊசி அதைக் கவனிக்கவில்லை.

ஆங்கிலத்திலேயே எழுதி வைத்தால் விஷயம் தெரிந்தவன் பார்த்ததும் புரிந்துகொள்வான் என்று ஊசிக்குத் தோன்றியது. ஒவ்வொரு வார்த்தையையும் தமிழில் மாற்றினாள். எங்கே எழுதுவது? அவளுடைய அளவு நோட்டில். அந்த நோட்டில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. 'பல் டாக்டர் வீட்டம்மா', 'நெட்டை', 'மூன்றாம் மாடி' என்றுதான் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். அவர்களுக்கு நடுவே, இல்லாத பன்னிரண்டு வாடிக்கையாளர்களை அங்கங்கே நுழைத்தாள். வரிசை மறந்துவிடக் கூடாது என்று இடுப்பளவில் குறித்தாள். முதல் வார்த்தைக்கு இடுப்பு இருபத்தொன்று, இரண்டாவதற்கு இருபத்திரண்டு, பன்னிரண்டாவதற்கு முப்பத்திரண்டு.

ஒருமுறை பல் டாக்டர் வீட்டம்மா தன் பக்கத்தைத் தேடிப் புரட்டும்போது இன்னொரு பக்கத்தில் கண் நிலைத்தது.

"இது யாரும்மா யானை? யானைக்கு இடுப்பு இருபத்திரண்டா? எனக்கு முப்பத்தெட்டு. என் பக்கத்துல என்ன பேர் எழுதியிருக்க?"

"உங்க பக்கத்துல டாக்டர் வீடுன்னுதாங்க இருக்கு."

"அந்த யானை என்ன சாப்பிடுதுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த மூன்று வருஷத்தில் ஊரும் கொஞ்சம் மாறித்தான் போயிருந்தது. முனையில் இருக்கும் போன்கடைப் பெண் டிஜிட்டல் டாலரை வாங்கிக்கொண்டு ரொக்கம் கொடுத்தாள், நூற்றுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு. அவளைப் பார்த்துக் கமிஷன் கடைக்காரரும் எட்டை இரண்டாக இறக்கி, வாசலில் புதுப் பலகை மாட்டினார். துணி மொத்த வியாபாரி இப்போதெல்லாம் ஊர்ப் பணத்தை நீட்டினால் முகத்தைச் சுளிப்பார், போனை நீட்டினால் தேநீர் சொல்வார். கடைசியில் கட்டடக்காரரே வந்தார். இரண்டு தெரு தள்ளி அவருக்கு ஒரு கூடம் காலியாக இருந்தது. ஆறு இயந்திரம் போடலாம், வெட்டும் மேசையும் போடலாம்.

"ஊர்ப் பணம்னா வாடகை மாசாமாசம் ஏறும். டாலர்னா ரெண்டு வருஷத்துக்கு ஒரே வாடகை. முன்பணம் வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். அதுக்கப்புறம் வேற ஆள் காத்திருக்கார்" என்றார் அவர்.

ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை வேலை தயாராக இருந்தது. இடமும் இயந்திரமும் இருந்தால் உனக்குத்தான் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். வெட்டுவதற்குக் கத்தரி வேண்டும்.

கத்தரியின் ஒப்பந்தமும் அதே வெள்ளிக்கிழமைதான் முடிகிறது. மத்தியானத்துக்குள் கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம் அங்கே. போடாவிட்டால் ஊருக்கு டிக்கெட். "முன்பணம் கட்டியாச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் பேனாவையே தொட மாட்டேன்" என்று சொல்லியிருந்தான்.

இப்படி ஒரு வாரத்தில்தான் அத்தை போனுக்கு இஸ்திரி போட்டார்.

செவ்வாய்க்கிழமை மாலை, போன்கடையில் ஒரு பழைய போன் வாங்கி, சிம்மை மாற்றிப் போட்டாள். போன்கடைப் பெண் செயலியை இறக்கிக் கொடுத்தாள். "வார்த்தைகளை வீட்டுல போய் போடுங்கக்கா. என் கண்ணுல காட்டாதீங்க. நல்லவளா இருக்கணும்னுதான் எனக்கும் ஆசை. சோதிச்சுப் பாக்காதீங்க" என்று சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, நோட்டை விரித்தாள். இடுப்பு இருபத்தொன்று, குடை. அம்ப்ரெல்லா. இருபத்திரண்டு, யானை. எலிஃபென்ட். இருபத்துமூன்று, பாலம். பிரிட்ஜ். இருபத்துநான்கு, ஓடு. ரன். ஏணி, ஆறு, எலுமிச்சை, கதவு, மேகம், முட்டை, விதை, பூனை. லேடர், ரிவர், லெமன் என்று போட்டுக்கொண்டே போய்ப் பூனையில் நிறுத்தி, பொத்தானை அழுத்தினாள்.

'இந்தச் சொற்கள் பொருந்தவில்லை' என்று சிவப்பில் வந்தது.

வங்கி அட்டை மாதிரி மூன்று தடவைக்கு மேல் தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளுமோ என்று பயந்தாள்.  நோட்டை இன்னொரு தடவை படித்தாள். இருபத்துநான்கில் கண் நின்றது. ஓடு. ஓடு என்றால் ஓடுவது மட்டும்தானா? முட்டைக்கும் ஓடுதான், ஆமைக்கும் ஓடுதான். ரன்னை அழித்துவிட்டு ஷெல் என்று போட்டாள்.

திறந்துகொண்டது.

ஊசிக்கு ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. அடுத்த நிமிஷம் போய்விட்டது. இருப்பு என்ற இடத்தில் வெறும் பூஜ்யம் இருந்தது. திரையை அணைத்துப் போட்டாள். பூஜ்யம். வெளிச்சத்தைக் கூட்டினாள். பூஜ்யம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

புதன்கிழமை முழுவதும் அவள் தைத்தது எல்லாம் கோணல். யார் எடுத்திருப்பார்கள்? நோட்டைத் தொட்ட ஒவ்வொரு முகமும் நினைவுக்கு வந்தது. பல் டாக்டர் வீட்டம்மாவைக்கூட விட்டுவைக்கவில்லை. அவர் யானையைப் பற்றி ஏன் அவ்வளவு விசாரித்தார்? நினைத்த மறு நிமிஷமே தன் மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மத்தியானம் கத்தரி அழைத்தான்.

"என்ன ஊசி, கட்டடக்காரர்கிட்ட பேசிட்டியா?"

"பேசிட்டேங்க."

"குரல் ஏன் நூல் அறுந்த மாதிரி இருக்கு?"

"சளிங்க."

"வெந்நீர் குடி. எங்க மேஸ்திரி இன்னைக்கும் கேட்டார், கையெழுத்துப் போடலையான்னு. என் பொண்டாட்டி முதலாளி ஆகப்போறா, அவகிட்ட வேலைக்குப் போறேன்னு சொன்னேன். சம்பளம் எவ்வளவு தருவ?"

"சாப்பாடு போட்டாப் போதாதா?" என்று சொல்லிவிட்டு, அழுகை வருவதற்குள் வைத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் அவன் திட்ட மாட்டான். அதுதான் பயம். 'போனாப் போகுது விடு' என்று சிரித்துவிட்டு நேரே போய்க் கையெழுத்துப் போடுவான். இன்னும் இரண்டு வருஷம். அவளுக்கு இப்போதே முப்பது.

அன்று மாலை அத்தை ஒரு பழைய தகரப் பெட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். உள்ளே இரண்டு வளையல் இருந்தன.

"முன்பணத்துக்குப் போதாதுதான். ஆனாலும் பாரு."

"எதுக்கு அத்தை இது? பணம் இருக்கு."

"இருக்குன்னா நீ ஏன் நேத்திலேருந்து பாதித் தட்டு சாப்பாட்டைப் பூனைக்கு வைக்கிற? நான் போனைத்தான் பொசுக்கினேன்மா, என் கண்ணைப் பொசுக்கிக்கல." பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை, கடையைப் பூட்டிவிட்டுப் போன்கடைக்குப் போனாள். "யாரோ எடுத்துட்டாங்க" என்று சொல்லும்போதே குரல் உடைந்தது.

போன்கடைப் பெண் ஒரு சார்ஜர் வயரைப் பிரித்துச் சூட்டுக்கோலால் ஒட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள். "பழைய வரவெல்லாம் தெரியுதா அக்கா? மாசாமாசம் அவர் அனுப்பினது, துணிக்கடைக்கு நீங்க கொடுத்தது?"

"ஒன்னுமே இல்லை. வெறும் பூஜ்யம்."

"ஒன்னுமேயா?" இப்போது நிமிர்ந்தாள். "அப்ப திருடே போகலை."

"என்ன சொல்ற?"

"இதுல எவன் எடுத்தாலும் தடம் இருக்கும்கா. வந்ததும் தெரியும், போனதும் தெரியும். அழிக்கவே முடியாது. தடமே இல்லைன்னா அது உங்க வீடே இல்லை. ஒரு வார்த்தை மாறிப்போய், ஆளே குடியேறாத ஏதோ ஒரு வீட்டைத் திறந்துட்டு உள்ள நின்னு அழுதுட்டு இருக்கீங்க. அபூர்வமா இப்படி நடக்கும். பதினாறு தப்புல ஒரு தப்பு இப்படித் திறந்துக்குமாம்."

"மூணு தடவைக்கு மேல போட்டா பூட்டிக்காதா?"

"முன்னூறு தடவை போடுங்க."

ஊசிக்கு அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. அவள் கையில் சூட்டுக்கோல் இருந்ததால் விட்டுவிட்டாள். வீட்டுக்கு ஓடிவந்தாள். கதவை டோர் இல்லாமல் கேட் என்று போட்டாள். முட்டை முட்டைதான், அதில் மாற்ற ஒன்றுமில்லை. ஏணியைப் படிக்கட்டாக்கினாள். பாலத்தையும் மேகத்தையும் புரட்டிப் பார்த்தாள். ஓடு என்பதை ரன் என்றும் ஷெல் என்றும் மாற்றி மாற்றிப் போட்டாள். சாயங்காலம் வரை சிவப்பு எழுத்துதான். ஆறு என்ற வார்த்தையை மட்டும் அவள் தொடவே இல்லை. ஆற்றில் என்ன சந்தேகம்? அந்த ஆற்றங்கரையில்தானே ஒரு மழை நாளில், ஆலை விட்டு வரும்போது, தன் சட்டையின் மேல் பித்தான் அறுந்துவிட்டது, கொஞ்சம் தைத்துத் தர முடியுமா என்று கத்தரி வந்து நின்றான். அவனே அறுத்துக்கொண்டு வந்த பித்தான் அது என்று பிறகு தெரிந்தது. அந்த வார்த்தையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தண்ணீரும் மழையும்தான் தெரிந்தன.

வெள்ளிக்கிழமை காலை மணி பத்தே கால். கத்தரி கையெழுத்துப் போடும் அலுவலகம் மத்தியானம் மூடிவிடும். அத்தை இஸ்திரி மேசையில் ஒரு கால்சட்டையின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்து உதறிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கினார். செவ்வாய்க்கிழமையிலிருந்து கைக்குட்டைக்குக்கூட அந்தச் சோதனை நடக்கிறது. அதைப் பார்த்த ஊசிக்குள் ஏதோ ஒன்று தையல் விட்டது.

நோட்டை எடுத்துக்கொண்டு போய் இஸ்திரி மேசை மேல் வைத்தாள்.

"அத்தை, பணம் திறக்க மாட்டேங்குது. ஒரு வார்த்தை எங்கேயோ தப்பு. எனக்குப் பிடிபடலை."

அத்தை நோட்டைப் பார்க்கவில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "என்கிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னு அவன் சொன்னானே."

ஊசி திடுக்கிட்டாள். "அது உங்களுக்கு எப்படி...?"

"திரைச்சீலைம்மா அது. சுவர் இல்லை." அத்தையின் குரலில் கோபம் இல்லை. மூன்று வருஷமாக மடித்து வைத்த ஒன்று மட்டும் இருந்தது. "பெத்தவகிட்ட மறைக்கிற அளவுக்கு என்ன பணம்னு அன்னைக்குக் கொஞ்சம் வலிச்சுது. அதான் காத்துப் பணம்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கறேன் அத்தை. எனக்காகவும் சேர்த்து." ஊசி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உட்காருங்க. வாசிக்கறேன். எது உறுத்துதுன்னு சொல்லுங்க. குடை. யானை. பாலம். ஓடு. ஏணி. ஆறு. எலுமிச்..."

"ஆறுதானே? அதுல என்ன தப்பு, சரியாத்தான் இருக்கு. அதுக்குத்தானே ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சீங்க."

"ஆத்துக்கு எதுக்கு அத்தை சிரிக்கப் போறோம்?"

"ஆத்துக்கா?" அத்தை விழித்தார். "ஆறு பிள்ளைக்கும்மா!"

ஊசி நோட்டை மறுபடி பார்த்தாள்.

"ஒவ்வொன்னா வாசிச்சுக்கிட்டே வந்த. அதுல ஏதோ சிக்ஸோ என்னவோன்னு சொன்ன. அவன், 'ஆறா? எனக்குச் சம்மதம், வீடு நிறைஞ்சிருக்கும்'னான். நீ, 'முதல்ல ஒன்னுக்காவது ஊருக்கு வந்து சேருங்க'ன்னு..." அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "நான் என்ன பண்றது, காதை இஸ்திரிப் பெட்டிக்கு அடியிலயா வச்சுக்கறது?"

ஊசியின் முகம் காதுவரை சிவந்தது. ஆமாம். சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். யானைக்குச் சிரித்ததாக அல்லவா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்! அவன் அந்தப் பக்கம் சிரித்து முடித்ததும் சட்டென்று பேச்சு நின்றுபோனது. அந்த மௌனத்தைத்தான் அவள் மறக்க நினைத்து, அதோடு சேர்த்து அந்த வார்த்தையையும் மறந்திருக்கிறாள்.

போனை எடுத்தாள். ஷெல்லை அப்படியே விட்டு, ரிவரை அழித்து, சிக்ஸ் என்று போட்டாள். சிவப்பு எழுத்து வந்தது.

"என்னாச்சு?" அத்தை எட்டிப் பார்த்தார்.

"இன்னொன்னு இருக்கு அத்தை. ஓடு. ஓடறதா, முட்டை ஓடான்னு தெரியலை. முதல்ல ஓடறதுன்னுதான் போட்டேன்."

"முட்டை ஓட்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற? ஓடறதையே போடு."

ரன். சிக்ஸ். பொத்தானை அழுத்தும்போது இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். யார் முதலில் திறப்பது என்று ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். அத்தைதான் திறந்தார்.

"நாலுக்கு அப்புறம் ரெண்டு, அப்புறம் ரெண்டு சைபர். இது நல்லதா கெட்டதா?"

நாலாயிரத்து இருநூறு. கீழே மூன்று வருஷத்து மாதங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. அவன் மழையிலும் வெயிலிலும் பெட்டி தூக்கி அனுப்பியது. அவள் துணிக்கடைக்குக் கொடுத்தது. அத்தையின் மூட்டு வலி மாத்திரைக்காகப் போன மாதம் மாற்றிய பதினைந்து டாலர்கூட இருந்தது. ஒரு தடமும் அழியவில்லை. ஊசி அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அத்தை அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "பெட்டி சூடா இருக்கு, பாத்து பாத்து" என்றார்.

கட்டடக்காரரின் எண்ணுக்கு முன்பணத்தை அனுப்ப ஒன்றரை நிமிஷம் ஆயிற்று. "வந்துருச்சும்மா, சாவியை வாங்கிக்க" என்று அவர் பதில் அனுப்பியபோது மணி பத்து ஐம்பது.

அடுத்து கத்தரியை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவையில் பேரிரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"சொல்லு."

"எங்கங்க இருக்கீங்க?"

"அலுவலகத்துல. வரிசையில நிக்கிறேன்." இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினான். "உன் சளியை நான் நம்பலை ஊசி. ஏதோ நடந்துருக்கு. பரவாயில்லை, பணம் போனா சம்பாதிச்சுக்கலாம். ரெண்டு வருஷம் தானே, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்."

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா?" ஊசி கிட்டத்தட்டக் கத்தினாள்.

"இன்னும் இல்லை. எனக்கு முன்னாடி ஆறு பேர் இருக்காங்க."

ஊசிக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்க அடக்க வந்தது. அந்தப் பக்கம் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏன் சிரிக்கிற? என்ன ஆச்சு உனக்கு?"

"முன்பணம் கட்டியாச்சுங்க. சாவி வாங்கப் போறேன். வரிசையை விட்டு வெளிய வாங்க."

 யாரோ ஒருவர் நகரச் சொல்லி அதட்டுவது கேட்டது. "நீங்க முன்னாடி போங்க அண்ணே, எனக்கு வேலை இல்லை" என்று அவன் சொல்வதும், ஒரு கதவு திறப்பதும், பிறகு காற்றின் ஓசையும் கேட்டன.

"வெளிய வந்துட்டேன்" என்றான். அவன் குரல் நூல் அறுந்தது போல இருந்தது.

"உங்களுக்கும் சளியா?"

"ஆமாம்." மூக்கை உறிஞ்சினான். "போனுக்கு என்ன ஆச்சு, மூணு நாளா வீடியோவே வரலை?"

"உங்கம்மா இஸ்திரி போட்டுட்டாங்க."

"எதை?"

"வந்து கேட்டுக்கங்க. இன்னொரு விஷயம். அந்தப் பன்னிரண்டு வார்த்தையும் இப்ப அத்தைக்குத் தெரியும். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

 "நான் அப்படிச் சொன்னதே தப்பு" என்றான் மெதுவாக. "அம்மா பக்கத்துல இருக்காங்களா? என்ன சொல்றாங்க?"

இஸ்திரி மேசையிலிருந்து அத்தை, கையிலிருந்த சட்டைப் பையை உதறிக்கொண்டே, போனுக்கு எட்டும்படி குரலை உயர்த்தினார்.

"ஆறெல்லாம் வேண்டாம்னு சொல்லும்மா. ரெண்டு போதும். எனக்கு முட்டி வலிக்குது."